‘நேரடி தூண்டில்’ அல்ல, உயிர் இரை

போன வாரம் கைப்பேசியில் ஒரு மீன்பிடிக் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் செசபீக் விரிகுடா. படகில் நிற்பவர் தொட்டிக்குள் கைவிட்டு, துள்ளுகிற சின்ன மீன் ஒன்றை எடுத்து முள்ளில் கோக்கிறார். தமிழ்க் குரல் சொல்கிறது: “கோடிட்ட பாஸ் மீனுக்கு நேரடி தூண்டில் சிறந்தது.” இந்த ‘நேரடி தூண்டில்’ இதற்கு முன்பும் நாலைந்து இடங்களில் கண்ணில் பட்டது. அப்போதெல்லாம் கடந்து போய்விட்டேன். இந்த முறை மனசு கேட்கவில்லை.

ஆங்கிலத்தில் அது ‘லைவ் பெய்ட்’. பெய்ட் என்பது பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். ‘கடிக்கச் செய்வது’ என்பதுதான் அடிப்படைப் பொருள். லைவ் என்பது ‘உயிரோடு’ என்ற பொருளுள்ள அலைவ் என்ற சொல்லின் குறுக்கம். ஒளிபரப்புக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில்தான். நாம் ‘நேரடி ஒளிபரப்பு’, ‘நேரலை’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ‘நேரடி’யைத்தான் மொழிபெயர்த்தவர் இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார். தொட்டியில் துள்ளுகிற மீனில் நேரடி என்ன, மறைமுகம் என்ன?

‘நேரடி’யைக்கூட ஒரு பார்வையில் தவறென்று கண்டுகொள்ளலாம். ‘தூண்டில்’தான் ஆழமான பிழை. தூண்டில் என்பது கருவி. முள்ளும், நரம்பு என்கிற இழையும், கோலும் சேர்ந்தது. சில இடங்களில் முள்ளை மட்டும் குறிக்கும். அதில் கோக்கிற தீனிக்குப் பெயர் இரை. தமிழ் இந்த இரண்டையும் என்றைக்கும் குழப்பியதில்லை. ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்கிறது 931ஆம் குறள். அந்தப் பொன் இரும்பு முள். இரைக்குள் மறைந்திருக்கிற அந்த இரும்பையே இரை என்று நினைத்து மீன் விழுங்குகிறது என்று பரிமேலழகர் விளக்குகிறார். இரை வேறு, தூண்டில் வேறு என்பதில்தான் அந்த உவமையே நிற்கிறது. பாரதியும் ‘தூண்டிற் புழுவினைப்போல்’ என்றுதான் பாடினார். துடிக்கிற அந்தப் புழு உயிர் இரைதானே!

இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன ஆகும்? காணொளியின் அடுத்த வாக்கியத்திலேயே அது தெரிந்துவிட்டது: “தூண்டிலை மூக்கு வழியாகத் தூண்டிலில் மாட்டவும்.” யார் மூக்கு? இரைமீனின் மூக்கு. ‘இரைமீனின் மூக்கில் முள்ளைக் கோக்கவும்’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும்.

புரியாமல் போவதோடு இது நிற்பதுமில்லை. அமெரிக்காவின் அந்தக் கிழக்குக் கரையில் 2021 முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. பொழுதுபோக்குக்காகக் கோடிட்ட பாஸ் மீனைப் பிடிப்பவர்கள், இரை கோத்துப் பிடித்தால் வட்டமுள்தான் போட வேண்டும். வட்டமுள்ளின் நுனி உள்பக்கமாக வளைந்திருக்கும். அதனால் அது வயிற்றுக்குள் போய்க் குத்தாமல் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். திருப்பி விடுகிற மீன் பிழைக்க வாய்ப்பு அதிகம். உயிருள்ளது, செத்தது, வெட்டிய துண்டு எல்லாமே அந்த விதியில் இரைதான். மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்த போலி மீன் அதில் சேராது. இப்போது இரையையும் தூண்டில் என்று சொல்லி, போலி மீனையும் தூண்டில் என்று சொல்லி, முள்ளையும் தூண்டில் என்று சொன்னால் இந்த விதியைத் தமிழில் எப்படி எழுதுவது? உயிர் இரை, செத்த இரை, வெட்டு இரை, பொய் இரை. இவ்வளவுதான். எதுவும் புதிதாக உருக்கி வார்த்தது இல்லை.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். ‘நேரடி’ தவறு என்பதை உடனே ஒப்புக்கொண்டார். அப்புறம், “இரை என்பது வேட்டையாடப்படும் விலங்கு. பெய்ட்டுக்குத் தனிச்சொல் வேண்டும். ‘உயிர்த்தூண்டி’ என்று வைக்கலாம்” என்றார். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. தூண்டி என்றால் அறிவியல் படித்தவருக்கு நரம்பைத் தூண்டும் பொருள் நினைவுக்கு வரும். மற்றவர்கள் ‘தூண்டில்’ என்பதில் கடைசி எழுத்து விட்டுப்போனதாக நினைப்பார்கள். ஆங்கிலத்தில் பெய்ட், ப்ரே என்று இரண்டு சொல் இருப்பதால் தமிழிலும் இரண்டு இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது? கடலில் கோடிட்ட பாஸ் துரத்தித் தின்கிற மென்ஹேடனைத்தான் பிடித்து முள்ளிலும் கோக்கிறார்கள். மத்திக்குத் தூரத்துச் சொந்தமான மீன் அது. கடலில் இருந்தாலும் இரை, முள்ளில் இருந்தாலும் இரை. பெரிய மீனுக்கு அந்த வேறுபாடு தெரியக் கூடாது என்பதற்காகத்தானே உயிரோடு கோக்கிறார்கள்? இங்கே ஏரியில் விராலுக்குத் தவளை கோக்கிறவர், “உசுரோட கோத்துப் போட்டாதாண்ணே கடிக்கும், செத்த இரைய மோந்துகூடப் பாக்காது” என்கிறார். உயிர், இரை இரண்டும் அவர் வாயிலேயே இருக்கின்றன. ஏரிக்கரைக்குப் போகாமல் அகராதியின் முதல் பொருளை மட்டும் பார்த்துச் சொல் செய்வதால்தான் இந்தத் தொல்லை.

மீனின் பெயரையும் சொல்லிவிடுகிறேன். ‘கோடிட்ட’ என்றால் யாரோ கோடு போட்டது போல இருக்கிறது. பிறவியிலேயே கோடுள்ளதற்கு நம்மிடம் வரி இருக்கிறது. வரிப்புலி, வரிக்குதிரை மாதிரி ‘வரி பாஸ்’ போதும். சிலர் இதைக் ‘கோடிட்ட கொடுவா’ என்கிறார்கள். இங்கே சந்தையில் கொடுவாவை சீ பாஸ் என்று விற்பதால் வந்த மயக்கம் அது. இரண்டும் வேறு குடும்பம், வாழ்க்கையும் நேரெதிர். கொடுவா முட்டையிட ஆற்றிலிருந்து கழிமுகத்துக்கு இறங்கும். வரி பாஸ் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும். தூய தமிழ் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு மீனின் பெயரை இன்னொரு மீனுக்கு வைப்பதைவிட ‘பாஸ்’ என்று கடன் வாங்குவதே மேல்.

2011இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கிரெக் மையர்சன் என்பவர் பிடித்த வரி பாஸ் 81.88 பவுண்டு, ஏறக்குறைய 37 கிலோ. அவர் கோத்திருந்தது உயிருள்ள விலாங்கு. விலாங்கு வழுக்கும், நரம்பைச் சுற்றிக்கொண்டு முடிச்சுப் போட்டுவிடும். அதனால் பனிக்கட்டிமேல் வைத்துக் கொஞ்சம் அடங்கவிட்டு, துணியால் பிடித்து, வாயில் கோப்பார்கள். மென்ஹேடன் என்றால் வேறு மாதிரி. நீரில் விட்டதும் அது தன்போக்கில் நீந்தும். கோலைப் பிடித்திருப்பவர் கையில் ஒரே சீரான அசைவு தெரியும். அடியில் வரி பாஸ் நெருங்கியதும் இரை பதறத் தொடங்கும், நரம்பு படபடவென்று அதிரும். வட்டமுள் போட்டிருப்பவர் அப்போது சுண்டி இழுக்க மாட்டார். இரையோடு பெரிய மீன் திரும்பி ஓடி நரம்பு விறைக்கும் வரை காத்திருப்பார்.