நீக்கு: டெலிட்டுக்குத் தமிழ்ச்சொல்லும், டெலிட் ஆகாத கோப்புக்கு வழியும்

நீக்கு (வினைச்சொல், பெயர்ச்சொல்: நீக்கம்). ஆங்கிலத்தில் டெலிட். கணினியில் ஒரு கோப்பையோ கோப்புறையையோ அது இருக்கும் இடத்திலிருந்து அகற்றுதல்.

வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கத்து டி.டி.பி. கடையானாலும், ராணிப்பேட்டை தோல் கம்பெனியின் கணக்கு அறையானாலும், 'இந்த ஃபோல்டர் டெலிட்டே ஆக மாட்டேங்குது' என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். அடுத்த பேச்சு பெரும்பாலும் 'ஃபார்மட் பண்ணிடலாமா' என்பதுதான். அந்த முடிவுக்குப் போகவேண்டிய தேவை அநேகமாக வராது. கணினி எதை மறுக்கிறது என்று தெரிந்தால் போதும். அதைத் தெரிந்துகொள்ள டெலிட்டைவிட நீக்கு என்ற சொல் அதிகம் உதவும்.

டெலிட்டின் மூலம் 'டெலேரே' என்ற இலத்தீன் வினை. துடைத்துவிடு, இல்லாமல் ஒழி என்று பொருள். தேர்தலில் விரலில் வைக்கும் அழியாத மையைக் குறிக்கும் 'இன்டெலிபிள்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். கணினிக்கு அந்தச் சொல் வந்தபோதும் பழைய பொருள் கூடவே வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் ஆஸ்கி தரம் 1963-ல் வெளியானது; அதில் டெலிட்டுக்கு 127 என்ற எண். அது ஏழு பிட்டும் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) 1 ஆக இருக்கும் எண். எழுத்துகளைத் துளைகளாகப் பதித்த அக்காலக் காகித நாடாவில் தவறாகத் துளையிட்ட எழுத்தின்மேல் ஏழு துளையையும் போட்டுவிட்டால் அது செல்லாததாகிவிடும்.

இன்றைய கணினி அப்படித் துடைப்பதில்லை. பென் டிரைவில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் ஃபேட் அமைப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் அடைவில் (கோப்புப் பட்டியலில்) 32 பைட் அளவுக்கு ஒரு பதிவு உண்டு. கோப்பை டெலிட் செய்தால் அந்தப் பதிவின் முதல் பைட் 229 என்று மாறும், கோப்பு இருந்த இடம் காலி என்று குறிக்கப்படும். உள்ளே இருந்த படமும் எழுத்தும் அப்படியே கிடக்கும். தவறிப்போய் டெலிட் செய்த கல்யாணப் படங்களை மீட்டெடுக்க முடிவது இதனால்தான். யூனிக்ஸ் என்ற இயங்குதளம் இந்தச் செயலுக்கு வைத்த பெயரே 'அன்லிங்க்', அதாவது பிணைப்பை விடுவி.

அதனால் டெலிட்டுக்கு 'அழி' பொருந்தாது; 'நீக்கு'தான் சரி. சிலேட்டை அழித்தால் எழுத்து இருக்காது. ஆனால் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினால் பெயர்தான் போகும், ஆள் இருப்பார். அடங்கு–அடக்கு, ஒதுங்கு–ஒதுக்கு போல நீங்கு என்ற தன்வினையிலிருந்து வந்த பிறவினை நீக்கு. திருக்குறளின் 341-ஆம் குறளில் வரும் 'நீங்கியான்' பொருளை விட்டு விலகியவன். பொருளை அழித்தவன் அல்ல.

கோப்பு என்ற சொல்லையும் இங்கே பார்த்துவிடலாம். கோத்தல் என்ற வினையின் வழி வந்தது அது. ஆங்கிலத்தின் ஃபைல் நூலைக் குறிக்கும் 'ஃபிலும்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் அடிப்படை, தாள்களைக் கயிற்றில் கோத்து வைக்கும் பழக்கம். வட்டாட்சியர் அலுவலகக் கட்டுகளில் இன்றும் டேக் கயிறு இருக்கிறது. அந்தக் கட்டு வேறொருவர் மேசையில் விரிந்து கிடக்கும்போது அதை எடுத்து அலமாரிக்கு அனுப்ப முடியாது. நீங்காத கோப்புகளில் பெரும்பாலானவற்றின் நிலைமையும் இதுதான்.

விண்டோஸில் ஒரு நிரல் (புரோகிராம்) கோப்பைத் திறக்கும்போதே, மற்றவர்கள் அதைப் படிக்கலாமா, எழுதலாமா, நீக்கலாமா என்று மூன்று அனுமதிகளைச் சொல்லிவிடுகிறது. நீக்க அனுமதி தராமல் திறந்திருந்தால், அது கோப்பை விடும்வரை யார் கேட்டாலும் மறுப்புதான். இந்தப் பிடிக்கு ஆங்கிலத்தில் ஹேண்டில் என்று பெயர்; தமிழில் 'பிடி' என்ற ஒரு சொல்லே போதும். 'கோப்பு இன்னொரு நிரலில் திறந்திருக்கிறது' என்ற பொருளில் செய்தி வந்தால் யாருடைய பிடி என்று பார்க்கவேண்டும். ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, சி.பி.யூ. தாவலில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' பகுதியின் தேடல் பெட்டியில் கோப்பின் பெயரில் நான்கைந்து எழுத்துகளைக் கொடுங்கள். பிடித்திருக்கும் நிரலின் பெயர் கீழே வரும். மைக்ரோசாஃப்டின் துணைக்கருவித் தொகுப்பான பவர்டாய்ஸை நிறுவியிருந்தால் கோப்பின்மேல் வலச்சொடுக்கி 'ஃபைல் லாக்ஸ்மித்' என்பதைத் தேர்ந்தாலும் அதே விடைதான். நிரலை முறையாக மூடிப் பாருங்கள். மூடாவிட்டால் மட்டும் டாஸ்க் மேனேஜரில் முடித்துவையுங்கள். சேமிக்காத வேலை அதோடு போய்விடும் என்பதால்தான் இந்த வரிசை.

திறந்திருப்பதாகத் தெரியாத நிரல்களும் பிடிப்பதுண்டு. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முன்னோட்டப் பலகம் பி.டி.எஃப். கோப்பைப் பிடித்திருக்கும். டி.டி.பி. கடைகளில் எழுத்துரு நீங்காமல் நிற்பது அதைவிடச் சகஜம். பாமினி போன்ற ஒரு எழுத்துருவின் பழைய பதிப்பை நீக்கப் போனால் பேஜ்மேக்கரோ வேர்டோ அதைப் பிடித்திருக்கும். எல்லாவற்றையும் மூடி, கணினியை மறுதொடக்கம் செய்து, வேறு எதையும் திறப்பதற்கு முன்பே நீக்கிவிடவேண்டும்.

இரண்டு மூன்று கணினிகள் ஒரே பகிர்வுக் கோப்புறையில் வேலை செய்யும் இடத்தில், பிடி அடுத்த மேசையில் இருக்கும். உங்கள் கணினியில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது. கோப்புறை எந்தக் கணினியில் இருக்கிறதோ அங்கே கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், அதில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதனுள் ஓபன் ஃபைல்ஸ் என்று போனால், எந்தப் பயனர் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார் என்ற பட்டியல் இருக்கும். அவரிடம் சொல்லிவிட்டு அங்கிருந்தே மூடலாம்.

லினக்ஸ் இதில் வேறு வழக்கம். திறந்திருக்கும் கோப்பையும் அது நீக்கவிடும். பெயர் உடனே மறையும், ஆனால் கடைசிப் பிடி விடும்வரை வட்டில் இடம் திரும்பாது. பெரிய கோப்பை நீக்கியும் இடம் கூடவில்லை என்றால் எல்.எஸ்.ஓ.எஃப். (lsof) கட்டளையால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நீக்கும் உரிமை அங்கே கோப்பைச் சார்ந்ததல்ல, அது இருக்கும் அடைவை, அதாவது கோப்புறையைச் சார்ந்தது. அடைவில் எழுதும் உரிமை இல்லாவிட்டால், சொந்தக் கோப்பையும் நீக்க முடியாது.

அடுத்தது உரிமை. பழைய கணினியின் வட்டைக் கழற்றிப் புதியதில் மாட்டினால், அதன் கோப்புறைகளுக்கு உரிமையாளர் பழைய விண்டோஸின் பயனர். பெயர் ஒன்றாகவே இருந்தாலும் புதிய விண்டோஸுக்கு அவர் வேறு ஆள். நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, முதலில் டேக்ஓன் (takeown) கட்டளையால் உரிமையை எடுத்துக்கொண்டு, பிறகு ஐகாக்ல்ஸ் (icacls) கட்டளையால் முழு அனுமதி கொடுத்தால் நீங்கும். இந்த இரண்டையும் விண்டோஸ் கோப்புறையின்மேல் ஒருபோதும் செய்யாதீர்கள். பழைய விண்டோஸின் மிச்சமான 'விண்டோஸ்.ஓல்டு' கோப்புறைக்கு டிஸ்க் கிளீனப் இருக்கிறது.

தமிழில் பெயர் வைப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது பெயரின் நீளம். எக்ஸ்ப்ளோரருக்கு முழுப் பாதையும் 260 குறிகளுக்குள் இருக்கவேண்டும். தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். கண்ணுக்கு 'இராணிப்பேட்டை' ஏழு எழுத்து, கணினிக்குப் பதின்மூன்று. 'குடியாத்தம்' ஆறு எழுத்து, கணினிக்குப் பதினொன்று. மாவட்டம், வட்டம், கிராமம், ஆண்டு என்று கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கினால் வரம்பு வெகு விரைவில் வந்துவிடும். நெட்வொர்க் டிரைவ் வழியே சுருக்கமான பாதையில் உருவாக்கிய கோப்பு, அது உண்மையில் இருக்கும் கணினியின் நீளமான பாதையில் வரம்பைத் தாண்டி, நீங்காமல் நிற்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 அமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்பதால் 85 குறிதான் கொள்ளும்.

இதற்கு எளிய வழி, மேலே இருக்கும் கோப்புறைகளுக்கு '1', '2' என்று பெயர் மாற்றிப் பாதையைக் குறுக்குவது. அதற்கும் அடங்காவிட்டால், அதே டிரைவில் காலியாக ஒரு கோப்புறை உருவாக்கி, ரோபோகாப்பி (robocopy) கட்டளையில் காலிக் கோப்புறையை முதலிலும் நீக்கவேண்டியதை இரண்டாவதாகவும் கொடுத்து '/மிர்' (/mir) என்ற தேர்வைச் சேருங்கள். இரண்டாவது முழுவதும் காலியாகிவிடும். மறுசுழற்சித் தொட்டிக்கு எதுவும் போகாது; பாதையை இரண்டு முறை படித்துவிட்டே என்டர் தட்டுங்கள்.

பெயரின் கடைசியில் இடைவெளியோ புள்ளியோ இருந்தாலும், 'கான்' (CON), 'நல்' (NUL), 'ஆக்ஸ்' (AUX) போன்ற பழைய டாஸ் சாதனப் பெயர்கள் இருந்தாலும் வேறு சிக்கல். பெயர் கண்முன்னே தெரியும், ஆனால் 'இந்தப் பொருள் இல்லை' என்று விண்டோஸ் சொல்லும். பென் டிரைவுக்கு வைரஸ் தடுப்புப் போடும் சில நிரல்கள் இப்படிப்பட்ட பெயரில் வேண்டுமென்றே கோப்புறை உருவாக்கி வைப்பதுண்டு. கட்டளைச் சாளரத்தில் முழுப் பாதைக்கு முன்னால் \\?\ என்ற நான்கு குறிகளைச் சேர்த்து நீக்கினால், விண்டோஸ் பெயரைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும், கோப்பும் நீங்கும்.

மின்வெட்டில் கணினி பட்டென்று அணைந்தபின் ஒரு கோப்புறை திறக்கவும் நீக்கவும் முடியாமல் போனால், அடைவே சிதைந்திருக்கலாம். முக்கியமானவற்றை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு வட்டைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் (chkdsk) கட்டளையை '/எஃப்' (/f) தேர்வோடு ஓட்டவேண்டும். பென் டிரைவோ எஸ்.டி. கார்டோ 'எழுதத் தடை' என்று மட்டுமே சொன்னால், எஸ்.டி. கார்டாக இருக்கும்பட்சத்தில் அதன் ஓரத்துப் பூட்டுப் பொத்தானைப் பாருங்கள். அப்படிப் பொத்தான் இல்லாத பென் டிரைவ் தேய்ந்துபோய்த் தானே படிப்பு மட்டும் என்ற நிலைக்குப் போயிருக்கலாம். அப்படியானால் எந்தக் கட்டளையும் பலிக்காது. உள்ளே இருப்பதை நகலெடுத்துவிட்டு வேறு வாங்குவதுதான் வழி.

'அழி' என்ற சொல்லுக்கும் கணினியில் உரிய இடம் உண்டு. கணினியை விற்கும்போது வாடிக்கையாளரின் ஆதார் நகலும் மருத்துவ அறிக்கையும் நீங்கினால் மட்டும் போதாது, அழியவேண்டும். சுழலும் வட்டில் சைஃபர் (cipher) கட்டளையை '/டபிள்யூ' (/w) தேர்வோடு கொடுத்தால், காலி இடம் முழுவதும் மேலெழுதப்படும். பெரிய வட்டுக்குப் பல மணி நேரம் ஆகும். சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி.யில் மேலெழுதுவதை நம்ப முடியாது. அதைத் தயாரித்த நிறுவனம் தரும் செக்யூர் எரேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள்.