பிளாஸ்மா வெட்டும் இயந்திரம்: மின்சாரம் எந்த வழியாகத் திரும்புகிறது?

பிளாஸ்மா வெட்டும் இயந்திரத்தை நிறுவும்போது எல்லோருடைய கண்ணும் டார்ச்சின், அதாவது உலோகத் தகட்டை வெட்டும் முனையின், மேல்தான் இருக்கிறது. நிறுவுபவர் முதலில் யோசிக்க வேண்டியது வேறு. டார்ச்சிலிருந்து தகட்டுக்குள் பாயும் நூறு, இருநூறு ஆம்பியர் மின்சாரம் எந்த வழியாக இயந்திரத்துக்குத் திரும்பப் போகிறது? பாதுகாப்பு விதிகளில் பல இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன.

டார்ச்சுக்குள் செம்பாலான எலக்ட்ரோடு இருக்கிறது. காற்றையோ ஆக்சிஜனையோ பயன்படுத்தும் டார்ச்சில் அதன் நுனியில் ஹாஃப்னியம் என்ற உலோகத்தின் சிறு துண்டு பதிக்கப்பட்டிருக்கும். முதலில் எலக்ட்ரோடுக்கும் அதைச் சுற்றியுள்ள துளையிட்ட முனையான நாசிலுக்கும் இடையே சிறிய மின்வில் ஒன்று, அதாவது வாயுவின் வழியே தாவும் மின்சாரம், பற்றுகிறது. டார்ச் தகட்டை நெருங்கியதும் அந்த வில் தகட்டுக்குத் தாவுகிறது. நாசிலின் குறுகிய துளை வில்லையும் வாயுவையும் நெருக்கிப் பிழிய, வாயு அயனிகளாகிப் பிளாஸ்மாவாக மாறுகிறது. அதன் வெப்பநிலை 20,000 டிகிரி செல்சியசை எட்டக்கூடியது. உலோகத்தை உருக்குவது இந்த வெப்பம். உருகியதைக் கீழே தள்ளி வெளியேற்றுவது வாயுவின் வேகம். இந்தச் சுற்றில் எலக்ட்ரோடு எதிர்முனை, தகடு நேர்முனை. அதாவது தகடும் மின்சுற்றின் ஒரு பகுதிதான்.

வெல்டிங் பழகியவர்கள் இதையும் இன்னொரு வெல்டிங் இயந்திரமாக நினைத்துவிடுவது இயல்பு. ஆனால் வில் பற்றாத நிலையில் வெல்டிங் இயந்திரத்தின் மின்னழுத்தம் பெரும்பாலும் 100 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். பிளாஸ்மா இயந்திரத்தில் அது 200 வோல்ட்டுக்கு மேல், பல இயந்திரங்களில் 300-ஐயும் தாண்டி இருக்கும். உடம்பில் பாய்ந்தால் உயிரைப் பறிக்கப் போதுமான அளவு இது. டார்ச்சின் மூடி கழன்றிருந்தால் மின்சாரம் வராமல் தடுக்கும் சுவிட்சு ஒன்று பல டார்ச்சுகளில் இருப்பது இதனால்தான். வேலை தடைபடுகிறது என்று அந்தச் சுவிட்சின் இரு கம்பிகளையும் முறுக்கி இணைத்துவிடுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

இனி திரும்பும் வழிக்கு வருவோம். இயந்திரத்திலிருந்து வெட்டு மேசைக்குச் செல்லும் தடித்த கேபிள்தான் வெட்டும் மின்சாரம் முழுவதையும் திருப்பிக் கொண்டுவருகிறது. எர்த் கம்பியின் வேலை வேறு. எல்லாம் சரியாக இருக்கும்போது அதில் மின்சாரம் ஓடவே கூடாது. எங்கேனும் மின்காப்பு பழுதாகி இயந்திரத்தின் உடலில் மின்சாரம் ஏறினால், அதற்கு வழிவிட்டு, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை விழச் செய்வதற்காகவே அது காத்திருக்கிறது. ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்று நினைப்பதுதான் பெரிய அபாயம். பெயின்டின் மேலோ துருவின் மேலோ திரும்பு கேபிளை மாட்டினால் மின்சாரம் வேறு வழி தேடும்: மேசையின் பேரிங், தகட்டைத் தூக்கும் சங்கிலி, அருகிலுள்ள இயந்திரத்தின் மெல்லிய எர்த் கம்பி. அந்தக் கம்பி அவ்வளவு மின்சாரத்தைத் தாங்காமல் கருகிவிடும். கருகியது வெளியே தெரியாது. ஆகவே உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, கேபிளை போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கையால் வெட்டும்போது திரும்பு கேபிளின் கிளாம்பை வெட்டுண்டு விழப்போகும் துண்டில் மாட்டக் கூடாது.

மின்மூலம் (வெட்டும் மின்சாரத்தைத் தரும் பெட்டி), மேசை, கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனி எர்த் கம்பி ஒரே பொதுப் புள்ளிக்கு வந்து, அங்கிருந்து மண்ணில் பதித்த எர்த் கம்பத்துக்குச் செல்வது நல்ல முறை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சங்கிலிபோல இணைத்தால், நடுவில் ஓர் இணைப்பு தளர்ந்தாலே மற்றவை பாதுகாப்பை இழக்கும். சில இயந்திரங்கள் முதல் வில்லைப் பற்றவைக்க ஆயிரக்கணக்கான வோல்ட் கொண்ட உயர் அதிர்வெண் மின்சாரத்தைப் பயன்படுத்துகின்றன. அது வானொலி அலையாகப் பரவிக் கணினிக் கட்டுப்பாட்டைக் குழப்பும். டார்ச் தானாக நகர்ந்தால், பக்கத்தில் நிற்பவருக்கு அது உயிராபத்து. உயர் அதிர்வெண் மின்சாரம் கடத்தியின் மேற்பரப்பிலேயே ஓடுவதால், எர்த் இணைப்புக்குக் குட்டையான, அகலமான செம்புப் பட்டை ஏற்றது. சிக்னல் கேபிள்களை டார்ச் கேபிளிலிருந்து தள்ளி வையுங்கள். டார்ச் கேபிளையும் திரும்பு கேபிளையும் ஒட்டியே கொண்டுசென்றால் இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று பெருமளவு தணிக்கும்.

மும்முனை மின் இணைப்பைத் தகுதி பெற்ற எலக்ட்ரீசியனே கொடுக்க வேண்டும். கேபிளின் தடிமனும் பிரேக்கரின் அளவும் இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரைப் பொறுத்தவை. மெயின் சுவிட்சு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அதை அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். கையேடு சொல்லும் நேரம், வழக்கமாக ஐந்து நிமிடமாவது, பொறுத்திருந்து, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

டார்ச்சுக்குச் செல்லும் காற்றில் ஈரமும் எண்ணெயும் இருந்தால் எலக்ட்ரோடும் நாசிலும் விரைவில் அரிக்கப்படும். கம்ப்ரசருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே டிரையரும் வடிகட்டியும் வேண்டும். அழுத்தத்தை வாயு பாயும்போதே பார்க்க வேண்டும், நின்றிருக்கும்போது காட்டும் எண் ஏமாற்றும். ஆக்சிஜன் குழாயின் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் கூடாது, தீப்பிடித்துவிடும். துருப்பிடிக்காத எஃகை வெட்டும்போது எழும் புகையில் புற்றுநோயை உண்டாக்கும் குரோமியச் சேர்மம் கலந்திருக்கிறது. எனவே புகை உறிஞ்சும் குழாயை முதல் தகட்டை வெட்டுவதற்கு முன்பே பொருத்திவிட வேண்டும்.

புகையையும் சத்தத்தையும் குறைக்கத் தண்ணீர் மேசை (தகட்டின் அடியில் தண்ணீர்த் தொட்டி உள்ள மேசை) வாங்குபவர்கள் அலுமினியத்தை மறக்கக் கூடாது. உருகிய அலுமினியம் தண்ணீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. தகட்டின் அடியில் சேரும் அந்த வாயு ஒரு பொறியில் வெடிக்கும். வெட்டி முடித்த பிறகும், அடியில் படிந்த அலுமினியத் துகள் ஹைட்ரஜனை விட்டுக்கொண்டே இருக்கும். தொட்டியின் அடியில் துளையிட்ட குழாய்களைப் பதித்துக் காற்றைக் குமிழியிட விட்டால் ஹைட்ரஜன் தேங்காமல் கலைந்துபோகும். இந்தக் குழாய்களைத் தண்ணீர் நிரப்புவதற்கு முன்பே பதித்துவிடுவது எளிது. லித்தியம் கலந்த அலுமினியத்தைத் தண்ணீர் இருக்கும் மேசையில் வெட்டவே கூடாது.