மெடிக்கெய்ட் பற்றிக் கேட்பதென்றால் முதலில் மாநிலத்தைச் சொல்லுங்கள்

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களில் பலர் அரசின் இரு மருத்துவக் காப்பீடுகளான மெடிக்கேரையும் மெடிக்கெய்டையும் குழப்பிக்கொள்வார்கள். பெயர் வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். 1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் போட்ட ஒரே கையெழுத்தில் இரண்டும் பிறந்தன. வளர்ந்தது வேறு வேறு வீட்டில்.

மெடிக்கேர் 65 வயதானவர்களுக்கும், உடல் முடியாமல் வேலையை விட்ட சிலருக்கும். முழுக்க மத்திய அரசின் கையில் இருப்பதால், வாஷிங்டனில் சட்டம் மாறினால் எல்லா மாநிலத்துக்கும் ஒரே மாதிரி மாறும். 2022இல் வந்த சட்டப்படி, மெடிக்கேரில் இருப்பவர், காப்பீட்டில் வரும் ஒவ்வொரு இன்சுலின் மருந்துக்கும் மாதம் 35 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டாம். டெக்சாஸிலும் அதுதான், நியூ ஜெர்சியிலும் அதுதான்.

வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிக்கெய்ட் அப்படியல்ல. அது கூட்டுக் குடித்தனம். செலவில் பாதியையாவது வாஷிங்டன் தரும். ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகத் தரும். கலிபோர்னியாவுக்குப் பாதி, மிசிசிப்பிக்கு முக்கால் பங்குக்கும் மேல். மீதிப் பணமும் நிர்வாகமும் மாநிலத்துடையவை. பெயர்கூட மாறும்: கலிபோர்னியாவில் மெடி-கால், மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த்.

ஒபாமாகேர் என்று அழைக்கப்படும் 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், வறுமைக்கோட்டு வருமானத்தில் 138 சதவீதம் வரை உள்ள, 65 வயதுக்குட்பட்ட பெரியவர்கள் எல்லாருக்கும் மெடிக்கெய்ட் கொடுக்கச் சொன்னது. மாநிலங்களை இப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த விரிவாக்கச் செலவில் 90 சதவீதத்தை வாஷிங்டன் ஏற்றும்கூட டெக்சாஸும் ஃப்ளோரிடாவும் இன்னும் சேரவில்லை. பிள்ளையில்லாத, உடல் ஊனமில்லாத ஒருவர் டெக்சாஸில் எவ்வளவு ஏழையானாலும் பொதுவாக மெடிக்கெய்ட் கிடையாது. அதே வருமானத்தோடு பக்கத்து லூயிசியானாவுக்குக் குடிபோனால் உண்டு.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இந்த விரிவாக்கத்தில் வந்தவர்கள் மேல்தான் கைவைக்கிறது. 2027 தொடக்கத்திலிருந்து, விலக்கு இல்லாதவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சமூக சேவையோ செய்ததாகக் காட்ட வேண்டும். தகுதிச் சரிபார்ப்பும் ஆண்டுக்கு ஒருமுறை என்பது போய் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆகிறது. என் கவலை வேலையைப் பற்றியதல்ல, காகிதத்தைப் பற்றியது. வேலைக்குப் போகிறவரே படிவம் அனுப்பத் தவறினால் அட்டை போய்விடும். படிவம் எப்படி இருக்கும், எந்த இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

கிரீன் கார்டில் அப்பா அம்மாவைக் கூட்டிவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே வேலை செய்யாத பெற்றோர், 65 வயதும் ஐந்து ஆண்டுத் தொடர் வசிப்பும் ஆன பிறகு பிரீமியம் கட்டி மெடிக்கேரில் சேரலாம். மெடிக்கெய்டுக்கும் 1996 சட்டப்படி பொதுவாக ஐந்து ஆண்டு காத்திருப்பு உண்டு. வருமானம் மிகக் குறைவாக இருந்தால், டாக்டர் செலவைப் பார்க்கும் மெடிக்கேர் பார்ட் பி பிரீமியத்தை, அதாவது 2026இல் மாதம் 202.90 டாலரை, மாநிலமே கட்டிவிடும். அது மெடிக்கேருக்கான உதவிதான். ஆனாலும் விண்ணப்பத்தை உங்கள் மாநில மெடிக்கெய்ட் அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும்.