போனில் பேசிக் குறைத்த ஜீவனாம்சம்

"வக்கீலம்மா, அவளேதான் போன்ல சரின்னு சொன்னா. இப்ப வாரண்டுங்கிறாங்க!"

கம்பத்தில் என் ஆபீசுக்கு வந்தவர், குமுளிப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுநர். மகனுக்கு மாதம் 5,000 ரூபாய் தரச் சொல்லி உத்தமபாளையம் கோர்ட்டில் ஆர்டர் ஆகியிருந்தது. கால் முறிந்து ஏழு மாதம் வண்டி எடுக்க முடியவில்லை. பிரிந்திருந்த மனைவியிடம் போனில் பேசி 2,000 ஆக்கிக்கொண்டார். மாதம் தவறாமல் ஜிபேயில் அனுப்பியும் இருக்கிறார். பிறகு, பையனைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போவதில் இருவருக்கும் சண்டை. அந்த அம்மா பாக்கி 21,000 ரூபாய்க்கு மனுப் போட்டுவிட்டார்.

பையிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பொய்யில்லை, எலும்பு நன்றாகவே முறிந்திருந்தது. ஆனால் ஏழு மாதத்துக்கு முன்னால் நீதிபதி பார்த்திருக்க வேண்டிய எக்ஸ்ரே அது.

கோர்ட் போட்ட தொகையைக் கோர்ட்தான் மாற்ற வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) சட்டத்தில் 146 ஆகியிருக்கிறது. கொடுப்பவருக்கோ வாங்குபவருக்கோ நிலைமை மாறியதைக் காட்டினால் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம். மாற்றும்வரை பழைய தொகை ஓடிக்கொண்டே இருக்கும். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை உண்டு. உள்ளே போய் வந்தாலும் கடன் தீராது. வாங்குபவரும் தூங்கிவிடக் கூடாது: பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் மனுப் போட்டால்தான் வாரண்ட்.

இருவரும் மனமொத்துக் குறைத்துக்கொண்டால் என்ன? தாராளமாக. அதை எழுதி, கையெழுத்திட்டு, கோர்ட்டில் பதிய வையுங்கள்.

அம்மாக்கள் பக்கம் வேறு சிக்கல். பிள்ளை அங்கன்வாடி போனபோது போட்ட 1,500 ரூபாயையே எட்டாம் வகுப்புவரை வாங்கிக்கொண்டிருப்பார்கள், புதுக் கேஸ் போட வேண்டுமோ என்ற பயத்தில். வேண்டாம், இதே 146 போதும். ஃபீஸ் ரசீது, ட்யூஷன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு நோட்டில் ஒட்டிக்கொண்டு வாருங்கள். வருமானம் பற்றிய விவரத்தை இரு தரப்பும் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தோட்டக் கூலி கையில் ரொக்கமாக வருவதால் மறைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மாதம் 8,000 தான் வருமானம் என்று எழுதியவர் ஜீப்புக்கு 14,000 தவணை கட்டிவந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"அவர் கேரளாவுக்குப் போயிட்டாரு, இனி என்ன பண்ண?" என்பது எங்கள் ஊரில் வாராவாரம் கேட்கும் கேள்வி. செக்போஸ்ட் தாண்டினால் ஆர்டர் செல்லாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ. அவர் எங்கே இருக்கிறாரோ, அந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடமே ஆர்டரை நிறைவேற்றக் கேட்கலாம். ஆர்டர் காப்பியும் உங்களுக்கு இலவசம்தான்.

ஜீப்காரர் பாக்கியை மூன்று தவணையில் கட்டி முடித்தார். குறைக்கச் சொல்லி மனுப் போடவில்லை. அதற்குள் கால் கூடி, மறுபடி மலைக்கு வண்டி ஏற்றத் தொடங்கியிருந்தார்.