பொய்க்கல்லும் மெய்நிழலும்

"நாடகத்துக்காகத் தெர்மோகோலில் கோட்டைச் சுவர் செய்தோம். சாம்பல் நிறத்தைக் கருங்கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தே கலந்தோம். ஆனாலும் மேடை விளக்கைப் போட்டதும் பிளாஸ்டிக் மாதிரி தெரிகிறது. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நிறத்தை எவ்வளவு துல்லியமாகக் கலந்தாலும் இந்தக் குறை தீராது. கல்லைக் கல் என்று கண் கண்டுகொள்வதில் நிறத்தின் பங்கு குறைவு. பள்ளங்களில் இருட்டு எப்படித் தங்குகிறது, மேற்பரப்பு ஒளியை எப்படிச் சிதறடிக்கிறது என்ற இரண்டையும்தான் கண் முதலில் எடைபோடுகிறது.

செதுக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தெர்மோகோலில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கன மீட்டர் சுமார் 20 கிலோ. அதே அளவு கருங்கல் 2,700 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். சூடான நிக்ரோம் கம்பியால் அறுத்தால் வெட்டு வழுவழுப்பாக வரும். அந்த வழுவழுப்பு பொய்யைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் கம்பிப் பிரஷ்ஷால் கீறி, ஓரங்களைப் பிய்த்துவிட வேண்டும். மூலைகளை அதிகமாகத் தேயுங்கள்: உண்மைக் கல்லில் வெயிலும் மழையும் ஒரு மூலையை மூன்று பக்கமிருந்தும், விளிம்பை இரண்டு பக்கமிருந்தும், முகத்தை ஒரே பக்கமிருந்தும் தாக்குகின்றன. கம்பி சுடும்போது எழும் புகையில் ஸ்டைரின் இருக்கும். காற்றோட்டமான இடத்தில்தான் அறுக்க வேண்டும்.

தெர்மோகோலின் உருண்டை மணிகள் தெரியாமலிருக்க மேலே ஒரு பூச்சு தேவை. பசைபோலக் குழைந்த அக்ரிலிக் புட்டி 3 பங்கு, வெள்ளைப் பசை 1 பங்கு, சலித்த மணல் அரைப் பங்கு. 2 மில்லிமீட்டர் கனம் போதும். ஒரேயடியாகக் கனமாக அப்பினால் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கி, வலைவலையாக வெடிக்கும். ஸ்ப்ரே பெயிண்டை வெறும் தெர்மோகோல் மீது அடிக்கவே கூடாது; அதிலுள்ள அசிட்டோன், டொலுயீன் போன்ற கரைப்பான்கள் தெர்மோகோலின் பொருளான பாலிஸ்டைரினைக் கரைத்துக் குழிகுழியாக்கிவிடும். இந்தப் பூச்சு தீயைத் தடுக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். மேடைக்குத் தீத்தடுப்பு வகைப் பலகையையே வாங்குங்கள்.

பூச்சு காய்ந்ததும் நீரில் கரையும் எமல்ஷனில் நடுத்தரச் சாம்பல் அடியுங்கள். நீலம் கலந்தது, பழுப்பு கலந்தது என இரண்டு மூன்று சாம்பல்களைக் கல்லுக்குக் கல் மாற்றி ஸ்பாஞ்சால் ஒற்றிவிடுங்கள்.

இனி வருவதுதான் இந்தக் கலையின் உயிர். கரும்பழுப்பு எமல்ஷன் 1 பங்குக்குத் தண்ணீர் 8 பங்கு கலந்து, சுவர் முழுக்கப் பூசுங்கள். கலவை தானாகவே விரிசல்களைத் தேடிப் போய்க் கறுக்கிறது. எப்படி?

ஈரமான பரப்பில் மேடு இருக்கும் இடத்தில் நீர்ப்படலம் வெளிப்பக்கம் வளைகிறது. பள்ளத்தில் உட்பக்கம் குழிகிறது. பரப்பு இழுவிசையால், அதாவது நீரின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும் விசையால், வெளிவளைந்த இடத்தில் நீருக்குள் அழுத்தம் கூடுகிறது, குழிந்த இடத்தில் குறைகிறது. நீர் அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தானே ஓடும்? அதனால் ஒவ்வொரு மேடும் தன்மேல் விழுந்த நிறத்தைப் பக்கத்துப் பள்ளத்துக்குத் தள்ளிவிடுகிறது. நீர் ஆவியாகும்போது நிறமித்துகள்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. வானத்தின் சிறு பகுதியை மட்டுமே பார்க்கும் விரிசலுக்குள் ஒளி குறைவாகப் போகும். அந்த நிழல் விழவேண்டிய இடமும் இதுவேதான்! பல திசைகளிலிருந்து பாயும் மேடை விளக்குகள் உண்மை நிழலை அழித்துவிடுகின்றன. வாசகரின் சுவர் தட்டையாகத் தெரிந்ததற்கு இதுவே முதல் காரணம். வண்ண நிழலை எந்த விளக்காலும் அழிக்க முடியாது.

இந்த விசைக்கு ஓர் எல்லை உண்டு. சுத்தமான நீருக்கு அது ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர். அதைவிடக் குறுகிய விரிசலில் பரப்பு இழுவிசை ஜெயிக்கும். அகலமான இடத்தில் புவியீர்ப்பு ஜெயிக்கும். நிமிர்த்தி வைத்த சுவரில் மெல்லிய கீறல்கள் அழகாகக் கறுத்திருக்க, கற்களுக்கு இடையிலான அகலச் சந்துகள் மட்டும் வெளிறி, கீழே கோடுகோடாக வழிந்திருப்பது இதனால்தான். பலகையைப் படுக்கவைத்துப் பூசுங்கள். முடியாவிட்டால் அந்தச் சந்துகளுக்குத் தனியாகப் பிரஷ் பிடியுங்கள். கலவை ஒட்டாமல் முத்துமுத்தாக நின்றால் திரவ சோப்பு சில துளிகள் விடலாம். அதிகம் விட்டால் இழுவிசையே தளர்ந்து, எல்லை 2 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும்.

தேங்கிய இடங்கள் காயும்போது ஓரத்தில் கருவளையம் விழும். சிந்திய காபியின் கறை ஓரத்தில் மட்டும் ஏன் அடர்ந்திருக்கிறது என்பதை 1997இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் விளக்கினார்கள்: துளியின் விளிம்பு பரப்பில் ஒட்டி நிற்க, அங்கே ஆவியாகும் நீரை ஈடுகட்ட உள்ளிருந்து நீர் ஓடிவருகிறது, துகள்களையும் இழுத்துவருகிறது. கறையை ஆராயப் பணமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அச்சு மையும் மேற்பூச்சும் சீராகக் காய வழிதேடுபவர்கள் இன்று அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தயங்காமல் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் சுவருக்கு மருந்து எளிது: பரப்பை முன்கூட்டியே நனைத்துக்கொண்டு, தேங்கியதை ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும்.

நன்றாகக் காய்ந்தபின் மேடுகளுக்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும். அகலப் பிரஷ்ஷில் வெளிர்சாம்பலைத் தொட்டு, நிறம் ஏறக்குறைய இல்லை எனும்வரை துணியில் துடைத்து, விரிசல்களுக்குக் குறுக்காக லேசாக உரசுங்கள். பிரஷ் ஈரமாக இருந்தால் நிறம் பள்ளத்துக்குள்ளும் போய், முந்தைய வேலையைப் பாழாக்கும். இரண்டாம் முறை இன்னும் வெளிறிய நிறம், இன்னும் குறைந்த இடம்.

பிளாஸ்டிக் தோற்றத்துக்கு இரண்டாவது காரணம் பளபளப்பு. காய்ந்த கல்லின் சொரசொரப்பு ஒளியை எல்லாத் திசைக்கும் சிதறடிக்கும். வழுவழுப்பான வண்ணப்படலமோ விளக்கின் பிம்பத்தைத் திருப்பி அனுப்பும்; பார்ப்பவர் தலையை அசைத்தால் அந்தப் பளிச்சிடலும் நகரும். மேலே வழிந்து காய்ந்த வெள்ளைப் பசைகூட இப்படி மின்னும். கடைசியாக மேட் வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு அடியுங்கள். அதன் மங்கலுக்குக் காரணமான நுண் சிலிக்காத்துகள்கள் டப்பாவின் அடியில் படிந்திருக்கும். கலக்காமல் அடித்தால் மேல்பாதி மின்னும், அடிப்பாதி வெள்ளைவெள்ளையாகப் பூக்கும். காய்ந்ததும், மேடையில் எரியப்போகும் அதே விளக்கைச் சுவரின் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். மின்னும் இடத்தில் மட்டும் இன்னொரு கை வார்னிஷ் போதும்.