வாங்கிய பொருள் ஏன் சீக்கிரம் பழகிப்போகிறது?

புது போன் கைக்கு வந்த முதல் வாரம், திரையில் விரல் வழுக்கிப் போவதே தனிச் சுகம். மூன்றாவது மாதம் அதே திரையில் வந்திருக்கும் செய்தியைத்தான் பார்க்கிறோம். திரை கண்ணில் படுவதில்லை. போனில் எந்தக் கோளாறும் இல்லை. மாறாத ஒன்றைத் தொடர்ந்து கவனிப்பது வீண் என்று மூளை அதை ஒதுக்கிவிடுகிறது.

இந்தக் குணத்தை நரம்பணு அளவிலேயே அளந்திருக்கிறார்கள். நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் நடுமூளையில் மெல்லிய மின்முனைகளைச் செலுத்தி, அங்குள்ள டோபமின் என்ற வேதிப்பொருளை வெளியிடும் நரம்பணுக்கள் எப்போது துடிக்கின்றன என்று பதிவு செய்தார். எதிர்பாராமல் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்ததும் அவை படபடவெனத் துடித்தன. அடுத்து, விளக்கு போன்ற ஓர் அறிகுறியைக் காட்டிவிட்டுச் சாறு கொடுத்துப் பழக்கினார். பழகியபின் துடிப்பு அறிகுறிக்கு மாறிவிட்டது. சாறு வந்தபோது துடிப்பு வழக்கமான அளவிலேயே இருந்தது. அறிகுறி காட்டியும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கியது. கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே இந்த நரம்பணுக்கள் சொல்கின்றன என்று 1997-இல் ஷுல்ட்ஸ், பீட்டர் டயன், ரீட் மாண்டேக் மூவரும் விளக்கினார்கள்.

சம்பள உயர்வையும் இப்படிப் பார்க்கலாம். முதல் மாதம் வித்தியாசம் பெரிது. சில மாதங்களில் அந்தத் தொகையே எதிர்பார்ப்பாகிவிடுகிறது; வித்தியாசம் பூஜ்யம். இடையில் ஒரு மாதம் கொஞ்சம் பிடித்தம் வந்தால், பழைய சம்பளத்தைவிடக் கூடுதலாகவே வாங்கினாலும் மனசு சுருங்குகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆசைப்படுவதும் அனுபவித்து ரசிப்பதும் மூளையில் ஒரே வேலை அல்ல. கென்ட் பெரிட்ஜின் ஆய்வுகளில், டோபமின் ஏறக்குறைய முழுதும் அழிக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடிப் போகவே இல்லை. ஆனால் வாயில் சர்க்கரைக் கரைசலை விட்டால் நாக்கைச் சுழற்றி ரசித்தன. அதாவது வேண்டும் என்ற தவிப்பு எவ்வளவு கடுமையாக இருந்தாலும், கிடைத்தபின் வரப்போகும் இன்பத்துக்கு அது அளவுகோல் ஆகாது. வாங்குவதற்கு முன் நாம் நம்புவதோ அந்தத் தவிப்பைத்தான்.

அக்கம்பக்கத்தோடு ஒப்பிடும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில் சாரா சோல்னிக்கும் டேவிட் ஹெமன்வேயும் கேட்டார்கள்: மற்றவர்கள் 25,000 டாலர் சம்பாதிக்கும் இடத்தில் உங்களுக்கு 50,000 வேண்டுமா, மற்றவர்கள் 2,00,000 சம்பாதிக்கும் இடத்தில் 1,00,000 வேண்டுமா? விலைவாசி இரண்டிலும் ஒன்றே. ஆனாலும் ஏறக்குறைய பாதிப் பேர் 50,000 போதும் என்றார்கள். இதே கேள்வியை விடுமுறை நாட்களை வைத்துக் கேட்டபோது, பெரும்பாலோர் மற்றவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் தங்களுக்கு அதிக நாட்கள் கிடைப்பதையே எடுத்தார்கள். என் பார்வையில் இந்த இரண்டாவது விடைதான் முக்கியமானது. ஓய்வு நேரத்தை அடுத்தவர் தராசில் வைத்து யாரும் அவ்வளவாக நிறுப்பதில்லை.

இதற்காக, பணத்தால் பயனே இல்லை என்று சொல்வது தவறு. லாட்டரியில் ஜெயித்தவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை என்ற 1978-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதில் ஜெயித்தவர்கள் வெறும் 22 பேர். 2020-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஆயிரக்கணக்கானோரைப் பார்த்தது. பெரிய பரிசு பெற்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பத்தாண்டுக்குப் பிறகும் கூடுதலாகவே இருந்தது. அன்றாட மகிழ்ச்சியில் தெரிந்த மாற்றம் அதைவிடச் சிறியது. வருமானத்திலும் கணக்கு ஏறக்குறைய மடங்கில்தான் ஓடுகிறது: வருமானம் இரட்டிப்பானால் மகிழ்ச்சி ஒரு படி ஏறும், அடுத்த படிக்கு மறுபடியும் இரட்டிப்பாக வேண்டும். டேனியல் கானமனும் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் 2023-இல் தரவுகளைச் சேர்ந்து அலசியபோது, மிகவும் துயரத்தில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் அந்த ஏற்றம் ஆண்டுக்கு 1,00,000 டாலர் வாக்கில் நின்றுவிடுவது தெரிந்தது. பிரிவு, மனச்சோர்வு போன்ற துயரங்கள் அதற்கு மேல் பணத்துக்குக் கட்டுப்படாதிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

ஆகவே எது பழகும், எது பழகாது என்று பிரித்துப் பார்ப்பது உதவும். அசையாமல் கிடக்கும் பொருள் சீக்கிரம் பழகும்: சோபா, கூடுதல் அறை, கார். விட்டுவிட்டு வருவதும் ஒவ்வொரு நாளும் வேறாக இருப்பதும் மெதுவாகப் பழகும். பிடித்த பாட்டையோ இனிப்பையோ சில நாள் நிறுத்திவிட்டுத் திரும்பினால் பாதிச் சுவையாவது மீண்டுவிடும். இரைச்சலும் நெரிசல் பயணமும் நாள்பட்ட வலியும் லேசில் பழகுவதில்லை; ஆகவே இன்பத்தைக் கூட்டும் செலவைவிட இந்தத் தொல்லைகளை நீக்கும் செலவு நெடுநாள் பலன் தரும். 2017-இல் ஆஷ்லி விலன்ஸும் சக ஆய்வாளர்களும் சிலரிடம் ஒரு வார இறுதியில் 40 டாலரைப் பொருளுக்கும், இன்னொன்றில் நேரத்தை மிச்சப்படுத்தும் வேலைக்கும் செலவழிக்கச் சொன்னார்கள். நேரம் வாங்கிய நாளின் முடிவில் அவர்கள் மனநிலை மேலாக இருந்தது.

வீடு வாங்கும்போது இந்தக் கணக்கு பெரிதாகிறது. ஒரு அறை கூடுதலாகக் கிடைக்கிறதே என்று வேலையிடத்திலிருந்து தள்ளிப் போகிறவர்கள், போக 45 நிமிடம், வர 45 நிமிடம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் 375 மணி நேரம். அறை சில மாதங்களில் பழகிவிடும். பயணம் தினமும் புதிதாக எரிச்சலூட்டும்; கடன் தவணையோ இருபது வருடம் ஓடும்.