எந்த ‘வேண்டும்’?

பாடப்புத்தகத்தை நாமாகவே கையில் எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டும்போது சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: “போய்ப் படிடா!” அவ்வளவுதான். அதுவரை இருந்த ஆசை வடிந்துவிடும். புத்தகம் அதேதான், பாடமும் அதேதான். ஆனால் இனிமேல் படித்தால் அம்மா சொன்னதற்காகப் படித்ததாக ஆகிவிடுமே!

இந்த வீம்புக்கு உளவியலில் மரியாதையான இடம் உண்டு. 1966-இல் அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். நம் சுதந்திரம் ஒன்று பறிபோவதாகத் தோன்றினால், அதை மீட்கும் வேகம் மனத்தில் எழுகிறது. தடுக்கப்பட்டது இனிக்கிறது, திணிக்கப்பட்டது கசக்கிறது.

தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று திட்டுகிறோம். பயம், சலிப்பு என்று அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வருமான வரிக் கணக்கைத் தள்ளிப்போடுபவர் சும்மாவா இருக்கிறார்? வியர்க்க வியர்க்கப் பரணை ஒழித்துக்கொண்டிருக்கிறார். ‘மாட்டேன்’ என்று சொல்ல வழியில்லாத இடத்தில் ‘நாளைக்கு’ என்கிறோம். அதட்டுபவர் வெளியாளாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ‘இன்றைக்கு முடித்தே ஆக வேண்டும்’ என்று நமக்கு நாமே போடும் உத்தரவும் அம்மாவின் குரலில்தான் ஒலிக்கிறது.

தமிழில் ஒரு வேடிக்கை. ‘எனக்கு இது வேண்டும்’ என்றால் விருப்பம். ‘நான் இதைச் செய்ய வேண்டும்’ என்றால் கடமை. சொல் ஒன்றுதான். உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்தெடுத்த சுயநிர்ணயக் கோட்பாடு ஏறக்குறைய இந்த இரண்டு ‘வேண்டும்’களுக்கு நடுவில்தான் நிற்கிறது. அவர்கள் சொல்லும் சுதந்திரம் நினைத்ததைச் செய்வதல்ல. செய்வதற்கான காரணம் நம்முடையது என்று உணர்வது.

அந்த உணர்வுக்கு மிகச் சிறிய பிடி போதும் என்று காட்டிய சோதனை ஒன்று உண்டு. உளவியலாளர் கோ முரயாமாவின் குழு, மூளையை ஸ்கேன் செய்தபடியே ஆட்களுக்கு ஒரு விளையாட்டைக் கொடுத்தது: ஓடும் ஸ்டாப்வாட்சைச் சரியாக 5 வினாடியில் நிறுத்த வேண்டும். சில சுற்றுகளில் எந்த வாட்ச் என்பதை ஆடுபவரே தேர்ந்தெடுத்தார். மற்றவற்றில் கணினி கொடுத்தது. வாட்சுகளுக்குள் தோற்றத்தைத் தவிர வித்தியாசம் கிடையாது. ஆனாலும் தாமே தேர்ந்தெடுத்தபோது நன்றாக ஆடினார்கள். கணினி கொடுத்த வாட்சில் தோற்றபோது, நெற்றிக்குப் பின்னால், மதிப்பை எடைபோடுவதில் பங்குள்ள மூளைப் பகுதியின் செயல்பாடு சரிந்தது. சொந்தத் தேர்வில் தோற்றபோது அப்படிச் சரியவில்லை. தோல்வியைக்கூட பயனுள்ள தகவலாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

அப்படியானால் எல்லாவற்றையும் நம் இஷ்டத்துக்கு விட்டுவிட்டால் போதுமா? அங்கேதான் சறுக்கல். ஆய்வாளர்கள் டான் ஏரியலியும் கிளவுஸ் வெர்டன்புரோக்கும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பிழைதிருத்தும் வேலையைக் கெடு வைத்துக் கொடுத்தார்கள். ஒரே ஒரு கடைசித் தேதி பெற்றவர்களைவிட, தமக்குத் தாமே இடைக்கெடுக்களைக் குறித்துக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஆனால் சீரான இடைவெளியில் கெடு விதிக்கப்பட்டவர்கள் அவர்களையும் முந்திவிட்டார்கள். நம் நாள்களை நாம் ஒழுங்காகப் பங்கிடுவதில்லை. ஆகவே கடிவாளத்தை நண்பரிடம் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்கும் முடிவு நம்முடையதாக இருந்தால் சரி.

வரிக் கணக்கில் எனக்குத் தேர்வு எதுவும் இல்லை என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். ரசீதுகள் திணித்த மஞ்சள் பை கதவாணியில் தொங்கியபடி என்னை முறைத்துக்கொண்டிருக்கும். இந்த முறை அதைக் கட்டிலில் கவிழ்த்தேன். எதில் தொடங்குவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மருந்துக்கடைச் சீட்டுகளையும் வங்கித் தாள்களையும் ஒதுக்கிவிட்டு, புத்தகக் கடை ரசீதுகளை முதலில் எடுத்தேன். வரிக்கு அவற்றால் சல்லிக்காசு பயனில்லை. அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி முடித்தபோது, கை தானாக வங்கித் தாள்களின் பக்கம் போயிருந்தது.